பூங்கா மேடையில் பாடும் இரண்டு சிறுமிகள்: எந்தப் படம்?

நீங்கள் தேடும் கறுப்பு வெள்ளைப் படம் 'எவ்ரி சண்டே' (1936). ஓப்பரா பாணியில் பாடுபவர் டியானா டர்பின். ஜாஸ் பாடுபவர் ஜூடி கார்லண்ட்.

முழுநீளப் படங்களின் பட்டியலில் தேடியிருப்பீர்கள், அதனால்தான் அகப்படவில்லை. இது ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் எடுத்த சுமார் 11 நிமிடக் குறும்படம்.

கிடைத்த பிரதி சரியா என்று பார்க்க வசனத்தைக் கவனியுங்கள். டர்பினை எட்னா என்றே கூப்பிடுவார்கள். எட்னா மே அவருடைய இயற்பெயர். எட்னாவின் தாத்தாவுடைய இசைக்குழுவுக்குக் கூட்டம் சேர்க்க இருவரும் மேடையேறுவதுதான் கதை. முடிவில் இரண்டு குரலும் சேரும் இடம் அபாரம், அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

1974இல் வந்த 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்' என்ற எம்ஜிஎம் இசைப்படக் காட்சிகளின் தொகுப்பை வாங்கினால், அதில் இந்தக் குறும்படத்தின் ஒரு துண்டுதான் இருக்கும். டர்பின் 1936இலேயே யுனிவர்சல் என்ற வேறொரு பட நிறுவனத்துக்குப் போய்விட்டார். இருவரும் சேர்ந்து நடித்த வேறு படம் கிடையாது.