பதற்றத்துக்கு அக்குபஞ்சர்: கேள்வி பதில்

உடம்பின் சில புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சீன மருத்துவமுறை அக்குபஞ்சர். மன அழுத்தம், பதற்றத்துக்கு அது உதவுமா என்று வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, எப்போதும் படபடப்பு, தூக்கமும் சரியில்லை. அக்குபஞ்சர் உண்மையிலேயே கேட்குமா, இல்லை எல்லாம் நம்பிக்கைதானா?

பதில்: இரண்டும் கலந்துதான் இருக்கிறது. ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு நிஜ ஊசி குத்துவார்கள். இன்னொரு குழுவுக்குத் தோலுக்குள் போகாமல் கைப்பிடிக்குள்ளேயே நழுவிவிடும் பொய் ஊசி. பொய் ஊசிக்காரர்களுக்கும் பதற்றம் ஓரளவு குறைகிறது. பல ஆய்வுகளில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் பெரிதாக இல்லை. அக்குபஞ்சர் பார்க்கிற நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரை மணி நேரம் ஃபோன் இல்லாமல் படுத்திருப்பது, ஒருவர் உட்கார்ந்து உங்கள் கதையை முழுக்கக் கேட்பது, இதற்கெல்லாம் பலனில் பங்கு உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன்னால் வரும் பயத்துக்குக் காதில் குத்தும் ஊசி உதவுவதாகச் சில நல்ல ஆய்வுகள் சொல்கின்றன. வருடக்கணக்கில் தொடரும் பதற்றத்துக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. மற்ற சிகிச்சையோடு சேர்த்துப் பாருங்கள், அதற்குப் பதிலாக வேண்டாம்.

கேள்வி: ஊசி என்றாலே எனக்கு மயக்கம் வரும். பதற்றத்துக்குப் போய்ப் பதற்றத்தை வாங்கிக்கொண்டு வரணுமா?

பதில்: நியாயமான கேள்வி! ஆஸ்பத்திரி ஊசி மருந்து போகிற குழாய், அதனால் தடிமன். இது துளையில்லாத மெல்லிய கம்பி, பெரும்பாலும் 0.2 மி.மீ. சுற்றித்தான் இருக்கும். சுருக்கென்று ஒரு நொடி, அப்புறம் அந்த இடம் கனப்பது போலவோ மரத்தது போலவோ இருக்கும். சீன மருத்துவர்கள் அதை ‘தே சீ’ என்பார்கள், எதிர்பார்ப்பதே அதைத்தான். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முதல் முறை படுத்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். அப்படியும் முடியாது என்றால், காதில் பிளாஸ்டரோடு சின்ன விதைகளை ஒட்டி அவ்வப்போது அழுத்தும் முறை இருக்கிறது.

கேள்வி: சீன மருத்துவர் நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார், “கல்லீரலில் சக்தி தேங்கியிருக்கிறது” என்றார். லிவர் டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்: அதற்காக எடுக்க வேண்டாம். அவர்கள் கணக்கில் கோபம் கல்லீரலோடும், கவலை மண்ணீரலோடும், பயம் சிறுநீரகத்தோடும் சேர்ந்தது. விலாப் பக்கம் இறுக்கம், எதற்கெடுத்தாலும் எரிச்சல், அடிக்கடி பெருமூச்சு, தொண்டையில் ஏதோ அடைத்த உணர்வு, இவை சேர்ந்திருந்தால் அப்படிச் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிகிற நோய் அல்ல அது. அவரிடம் கேட்டுப் பார்த்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

கேள்வி: மனசு அமைதியாக ஒரு சீன மூலிகைப் பொடி ஆன்லைனில் வாங்கினேன். பிரஷர் மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினும் சாப்பிடுகிறேன். மூலிகைதானே, சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: இப்போதைக்குத் தொடாதீர்கள். ஊசியைவிட எனக்குப் பயம் இந்தப் பொடிகள்மேல்தான். மன இறுக்கத்துக்கு அதிகம் கொடுக்கப்படுவது ‘சியாவ் யாவ் சான்’, சீனாவில் சோங் அரச வம்சக் காலத்து மூலிகைக் கலவை. அதில் இருக்கும் ‘டாங் குய்’ வேர் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். அதிலேயே அதிமதுரமும் இருக்கிறது. அளவு மீறினாலோ நீண்ட நாள் எடுத்தாலோ அது பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். உங்களுக்கு இரண்டுமே ஆகாது. தூக்கத்துக்குத் தரும் ‘சுவான் சாவ் ரென்’ ஒருவகை இலந்தை விதை. தூக்க மாத்திரையோடு அதைச் சேர்த்தால் மந்தம் கூடலாம். பழைய ‘அமைதி’ மாத்திரைகள் சிலவற்றில் பாதரசம் கலந்த சிவப்புக் கனிமமே சேர்த்தார்கள். பாக்கெட்டில் என்னென்ன இருக்கிறது என்று எழுதியிருந்தால் அதை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். எழுதவில்லையா, குப்பையில் போடுங்கள்.

கேள்வி: நாலு வருடமாகப் பதற்றத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். “ஊசி ஆரம்பித்ததும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடு, உடம்பே சரிசெய்துகொள்ளும்” என்கிறார் ஊசி குத்தும் தெரபிஸ்ட். நிறுத்தலாமா?

பதில்: கூடாது. முடிந்தால் தெரபிஸ்டை மாற்றுங்கள். மனச்சோர்வு, பதற்ற மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, தூக்கமின்மை எல்லாம் வரலாம். டயசிபாம், அல்பிரசோலம் வகையைத் தினமும் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அந்தத் தொந்தரவைப் பார்த்து “கழிவு வெளியேறுகிறது” என்று சொல்வோரும் இருக்கிறார்கள். கேட்கும்போதே எரிச்சலாக இருக்கிறது. ஊசியால் நன்றாக இருப்பதாகத் தோன்றினால், மாத்திரை எழுதிய டாக்டரிடமே போய்க் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்.

கேள்வி: பேனிக் அட்டாக் (திடீரெனப் பொங்கும் கடும் பயம், படபடப்பு) வரும்போது நானே எந்தப் புள்ளியை அழுத்தலாம்?

பதில்: உள்ளங்கையை மேலே திருப்புங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, கயிறு போலத் தட்டுப்படும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ‘நெய்குவான்’. பயணத்தில் வாந்தி வராமலிருக்கப் போடும் பட்டைகளும் இங்கேதான் அழுத்தும். இன்னொன்று புருவங்களுக்கு மத்தியில், ‘யின்டாங்’. ஒரு நிமிடம் அழுத்தி, மூச்சை மெதுவாக நீளமாக விடுங்கள். மூச்சு விடுவதுதான் பாதி வேலையைச் செய்கிறது என்பது என் ஊகம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் ‘ஹெகு’வைக் கர்ப்பிணிகள் தவிர்ப்பது வழக்கம்.

படபடப்பு முதல் முறையாக நெஞ்சுவலியோடு வந்தால் புள்ளி தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும், ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: யாருக்கு ஆகாது? எத்தனை தடவை போகணும்?

பதில்: பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க உடம்புக்குள் வைக்கும் கருவி) இருந்தால் மின்சாரம் கொடுக்கும் ஊசி வேண்டாம். ரத்தம் உறையாத கோளாறு, கர்ப்பம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசியை உங்கள் கண்முன் புதுப் பாக்கெட்டிலிருந்து பிரிக்க வேண்டும். மார்பிலோ மேல்முதுகிலோ ஆழமாகக் குத்தினால் அபூர்வமாக நுரையீரலில் பட்டுவிடலாம். அதன்பின் மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பொதுவாக வாரம் ஒன்றிரண்டு முறை. ஆறு முறைக்குப் பிறகும் தூக்கத்திலோ படபடப்பிலோ மாற்றம் தெரியவில்லை என்றால், ஏழாவதற்குப் பணம் கட்டாதீர்கள்.