1.0 எக்கோபூஸ்ட்: கிலோமீட்டரைப் பாக்காதீங்க, வருஷத்தைப் பாருங்க

நீங்க கேட்டிருக்கற வண்டி 2014 ஃபோர்டு எக்கோஸ்போர்ட், 1.0 எக்கோபூஸ்ட் டர்போ பெட்ரோல், 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஒரே ஓனர், அதுவும் ரிட்டயர்டு ஆளு, "அப்போ இன்ஜின் புதுசு மாதிரிதானே இருக்கும், மூணு சிலிண்டர் டர்போ தாங்குமா"ன்னு கேட்டிருக்கீங்க. அந்த "புதுசு மாதிரி"யைப் பாத்துட்டுதான் எழுத உக்காந்தேன். இந்த இன்ஜினுக்கு 41,000ங்கறது பெருமைப்படுற நம்பர் இல்ல சார். என்கிட்டயும் இதே வண்டி, இதே வருஷம், இப்போ 1,18,000 தாண்டி ஓடிட்டு இருக்கு. ரெண்டுல எதை எடுப்பேன்னு என்னைக் கேட்டா கண்ணை மூடிட்டு என்னோடதைத்தான் சொல்லுவேன், அது சொந்த வண்டிப் பாசம் மட்டும் இல்ல, காரணம் இருக்கு.

முதல்ல இன்ஜின் என்னன்னு பாத்துரலாம். 999 சிசி, மூணு சிலிண்டர். பவர் 125 பிஎஸ் 6000 ஆர்பிஎம்ல, டார்க், அதாவது இழுவை, 170 நியூட்டன் மீட்டர், அது 1400 ஆர்பிஎம்லயே வந்துருது, 4500 வரைக்கும் அப்படியே நிக்குது. அந்தக் காலத்து 1.6 லிட்டர் பெட்ரோல் குடுக்கற இழுவையை ஒரு லிட்டர்ல குடுத்தாங்க. இங்கிலாந்துல எசெக்ஸ்ல டன்டன்னு ஒரு இடம், அங்க இருக்கற ஃபோர்டு ஆளுங்க டிசைன் பண்ணது. பிளாக்கை, அதாவது சிலிண்டர் இருக்கற அடி உடம்பை, ஒரு ஏ4 பேப்பர் மேல உக்கார வச்சிரலாம்னு சொல்லித்தான் வித்தாங்க. மூணு சிலிண்டர்னா ஆட்டம் இருக்கும், அதுக்கு பொதுவா பேலன்ஸ் ஷாஃப்ட்னு எதிர்ப்பக்கம் ஆடி அதைச் சமன் பண்ற ஒரு தண்டு போடுவாங்க, இவங்க அதைப் போடாம ஃப்ளைவீலையும் முன்னாடி இருக்கற புல்லியையும் வேணும்னே பேலன்ஸ் தப்பி செஞ்சு, இன்ஜினோட ஆட்டத்தை அந்த ஆட்டத்தாலயே அடக்கிட்டாங்க, திருடனைப் பிடிக்க திருடனையே அனுப்பின மாதிரி. பிளாக் அலுமினியம் இல்ல, வார்ப்பிரும்பு, சீக்கிரம் சூடாகணுங்கறதுக்காக. சூடான புகையை வெளிய கொண்டுபோற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை தனியா தொங்க விடாம சிலிண்டர் ஹெட்டுக்குள்ளயே வச்சிட்டாங்க. டர்போ, அதாவது அந்தப் புகையால சுத்தி காத்தை உள்ள திணிக்கற விசிறி, சின்னது, ஆனா உச்சத்துல நிமிஷத்துக்கு 2,48,000 சுத்து, அதாவது ஒரு செகண்டுக்கு 4000க்கு மேல, அந்த ஷாஃப்ட் மிதக்கறது ஒரு மெல்லிய ஆயில் படலத்து மேல. இதை ஞாபகம் வச்சுக்கங்க, ஆயில் கதைக்குத்தான் மறுபடி மறுபடி வரப்போறேன். 2012, 2013, 2014னு வரிசையா மூணு வருஷம் உலகத்தோட சிறந்த இன்ஜின் விருது வாங்கினது இது.

நம்ம ஊருக்கு 2013ல எக்கோஸ்போர்ட்ல வந்துச்சு, வண்டி செஞ்சது மறைமலை நகர்ல. நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள இன்ஜின் இருந்தா வரி குறைவுங்கறதால இந்த இன்ஜின் கச்சிதமா பொருந்துச்சு. கம்பெனி சொன்ன மைலேஜ் 18.9, எனக்கு ஓஎம்ஆர் டிராஃபிக்ல 10 வரும், திருச்சி ரோட்ல காலை அமுக்காம போனா 16 வரும், அதுக்கு மேல பாத்ததில்ல.

இப்போ விஷயத்துக்கு வரேன். இந்த இன்ஜின்ல டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கறதுக்கும் வால்வு திறந்து மூடறதுக்கும் நேரம் பிசகாம பாத்துக்கற பெல்ட், ஆயிலுக்குள்ள நனைஞ்சுகிட்டே ஓடும். வெட் பெல்ட்ம்பாங்க. சாதாரணமா டைமிங் பெல்ட்னா வெளிய காய்ஞ்ச இடத்துல ஓடும், ஃபோக்ஸ்வாகன் 1.0 டிஎஸ்ஐல இன்னைக்கும் அப்படித்தான், ஹூண்டாய் 1.0 டர்போல செயின். இவங்க உராய்வு கம்மி, சத்தம் கம்மின்னு ரப்பர் பெல்ட்டைக் கொண்டுபோய் ஆயில்ல போட்டாங்க. ஆயில் பம்பை ஓட்டறதும் அதே மாதிரி இன்னொரு குட்டி பெல்ட்டுதான். இங்கிலாந்துல கம்பெனி சொன்ன ஆயுசு 10 வருஷம் அல்லது 1,50,000 மைல், நம்ம கணக்குல 2,40,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது. எல்லாரும் அந்த ரெண்டாவது நம்பரைத்தான் பிடிச்சுக்கறாங்க. உங்க வண்டி 2014, பத்து வருஷம் முடிஞ்சே போச்சு, மீட்டர்ல 41,000 இருந்தா என்ன 4,000 இருந்தா என்ன.

இதுல குறைச்சலா ஓட்டினதே ஒரு பிரச்சனை. டைரக்ட் இன்ஜெக்ஷன்ல பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கறாங்க, இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது அதுல கொஞ்சம் ஆவியாகாம சுவர்ல ஒட்டி பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழ ஆயில்ல கலக்கும். நீளமா ஓட்டினா ஆயில் நல்லா சூடாகி அந்தப் பெட்ரோல் ஆவியாப் போயிரும். வீட்லேர்ந்து கோயில், கோயில்லேர்ந்து காய்கறிக் கடை, திரும்ப வீடுன்னு ரெண்டு ரெண்டு கிலோமீட்டரா ஓட்டினா அது போகவே போகாது, ஆயில் தண்ணியாகும், பெட்ரோல் கலந்த ஆயில் ரப்பரை மெல்ல ஊற வைக்கும். பிரான்ஸ்ல பூஜோ 1.2 ப்யூர்டெக்ல இதே வெட் பெல்ட் ஊறிப்போய் பெரிய தலைவலி ஆச்சு. பெல்ட் அறுந்தாத்தான் ஆபத்துன்னு நினைக்காதீங்க, அதுக்கு முன்னாடியே பெல்ட்லேர்ந்து தூள் தூளா உதிர்ந்து சம்புக்குள்ள, அதாவது இன்ஜின் அடியில ஆயில் தேங்கற தொட்டிக்குள்ள, ஆயில் உறிஞ்சற சல்லடையை அடைச்சிரும், ஆயில் பிரஷர் விழும், மேல டர்போ காயும், கீழ பேரிங் காயும். ரிட்டயர்டு ஆளு நல்லா வச்சிருப்பாருங்கறது உண்மையா இருக்கலாம், அவரு வாராவாரம் வண்டியைத் துடைச்சு கவர் போட்டிருப்பாரு. பெல்ட்டுக்கு அது தெரியாதே.

அமெரிக்காவுல 2023 டிசம்பர்ல இதே 1.0 இன்ஜின் போட்ட ஃபோகஸ், எக்கோஸ்போர்ட்னு சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் வண்டியைத் திரும்ப அழைச்சாங்க, ஆயில் பம்ப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் கோளாறுக்காக. அங்க ஓடின எக்கோஸ்போர்ட் எல்லாம் நம்ம மறைமலை நகர்லேர்ந்து கப்பல் ஏறிப் போனதுதான்.

என் கதையையும் சொல்லிடறேன். இந்த இன்ஜினுக்கு 5டபிள்யூ-20ங்கற மெல்லிசான ஆயில், ஃபோர்டோட 948-பி ஸ்பெக். நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வேலை அவசரத்துல வீட்டுப் பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல ஆயில் மாத்த விட்டுட்டு வந்துட்டேன், சாயங்காலம் வண்டி எடுத்தா ஏதோ ஒரு மந்தம், ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு கரகரப்பு. பில்லை எடுத்துப் பாத்தா 15டபிள்யூ-40, டீசலுக்கு ஊத்தற ஆயில். கேட்டா அந்தப் பையன், "அண்ணே, இது கெட்டியான ஆயிலு, இன்ஜினுக்கு இன்னும் நல்லது"ன்றான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, நான் நின்னு பாத்திருக்கணும். அன்னைக்கு ராத்திரியே வேற இடத்துல வடிச்சுட்டு புது ஃபில்டரோட சரியான ஆயில் ஊத்தினேன். அதுக்கப்புறம் ஒரு பழக்கம், ஆயில் கேனை நானே வாங்கிட்டுப் போயி கண் முன்னாடி சீல் உடைக்கச் சொல்லுவேன், 10,000 வரைக்கும் இழுக்காம 7,500ல மாத்திடறேன், ஓடலைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை.

ஒன்பதாவது வருஷம் ரெண்டு பெல்ட்டையும் மாத்தினேன். இது எல்லா மெக்கானிக்கும் செய்யற வேலை இல்ல, கிராங்க் புல்லியை இடம் மாறாம பிடிக்கற சாவி வெட்டு கிடையாது, பெரிய போல்ட்டோட இறுக்கத்துலதான் நிக்குது, லாக் பண்ற டூல் இல்லாம கை வச்சா டைமிங் தப்பிரும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். எனக்குச் செஞ்சது முன்னாடி ஃபோர்டு சர்வீஸ்ல இருந்த ஒருத்தர். கழட்டின பழைய பெல்ட்டைக் கையில குடுத்தாரு, பாத்தா ஒரு வெடிப்பு இல்ல, பல்லு எல்லாம் அப்படியே இருக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து பெருமையா காட்டினேன், என் வீட்டம்மா, "நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு இவ்ளோ செலவு"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல. அந்த பெல்ட் இன்னும் ஷெட்ல ஆணியில தொங்குது.

மத்த பயங்கள்ல பாதி, ஓட்டற விதத்துல போயிரும். நம்மாளுங்க மைலேஜுக்காக ஐஞ்சாவது கியர்லயே 40ல உருட்டி, பஸ் ஒதுங்கினதும் அதே கியர்ல ஆக்சிலரேட்டரை மிதிப்பாங்க. பழைய பெட்ரோல் வண்டின்னா கொடக்கொடன்னு முனகிட்டு விட்டுரும், டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷன்ல குறைஞ்ச ஆர்பிஎம்ல அந்த அழுத்தம் குடுத்தா ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே உள்ள பத்திக்கும், பிஸ்டனையே உடைக்கற அடி அது. ஒரு கியர் இறக்கிட்டு மிதிங்க, அவ்வளவுதான். ஹைவேல விரட்டிட்டு வந்து டீக்கடையில நிறுத்தினா ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க. காத்து உள்ள வர்ற இன்டேக் வால்வுல கரி சேர்றது எல்லா டைரக்ட் இன்ஜெக்ஷனுக்கும் இருக்கறதுதான், பெட்ரோல் அந்தப் பக்கமே போகாததால கழுவாது, ஐடில் நடுங்க ஆரம்பிச்சா அப்போ சுத்தம் பண்ணிக்கலாம், இப்பவே பயப்பட வேண்டாம்.

இன்ஜினைக் குளிர வைக்கற கூலன்ட்டை மட்டும் சாதாரணமா எடுத்துக்காதீங்க. ஆரம்பத்துல ஐரோப்பாவுல இந்த இன்ஜினுக்குக் கெட்ட பேரு வந்ததே ஒரு சின்ன கூலன்ட் ஹோஸால, அது விட்டு தண்ணி போய், சூடு ஏறி, ஹெட்டே வெடிச்சுருக்கு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டுக்குள்ளயே இருக்குன்னு சொன்னேன்ல, கூலன்ட் கொஞ்சம் குறைஞ்சாலும் இது மன்னிக்காது. டெம்பரேச்சர் முள்ளு ஏறிச்சுன்னா "இன்னும் நாலு கிலோமீட்டர்ல வீடு"ன்னு ஓட்டக் கூடாது. ஆயில் லைட்டுக்கும் இதேதான்.

இன்னொன்னு, இப்போ பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்தது, 2014 வண்டி அதுக்காகச் செஞ்சது இல்ல. ஃப்யூயல் லைன் ரப்பர் எல்லாம் ஒரு தடவை பாத்துருங்க.

ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல வண்டி செய்யறதை நிறுத்தறோம்னு சொல்லி, 2022ல கடைசி எக்கோஸ்போர்ட்டையும் வெளிய அனுப்பிட்டாங்க, ஆனா பார்ட்ஸ் கிடைக்குது, நான் இதுவரைக்கும் எதுக்கும் ரெண்டு வாரத்துக்கு மேல காத்திருக்கல.

அதனால இப்படிப் பண்ணுங்க. காலையில அவரு வண்டியைத் தொடறதுக்கு முன்னாடி போங்க, பானட் மேல கை வச்சு சில்லுன்னு இருக்கான்னு பாருங்க, கூலன்ட் அளவு பாருங்க, ஆயில் அளவு காட்டற டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க, பெட்ரோல் வாசம் தூக்கலா இருக்கா, அளவு மேக்ஸிமத்துக்கு மேல ஏறியிருக்கான்னு. ஆயில் மாத்தின பில் எல்லாத்தையும் கேளுங்க, அதுல கிலோமீட்டரை விட்டுட்டு தேதியைப் படிங்க. பெல்ட் மாத்தின பில் இருந்தா பேரம் பேசி எடுத்துக்கங்க. இல்லைன்னா உங்க செலவுல சம்பை இறக்கி சல்லடையைப் பாக்கணும்னு சொல்லுங்க, கறுப்பா ரப்பர் தூள் இருக்கா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சிரும், சுத்தமா இருந்தா பெல்ட் வேலைக்கான காசை விலையில கழிச்சுட்டு வாங்கி, அந்த வாரமே மாத்திருங்க. "அதெல்லாம் எதுக்கு சார், 41,000தானே ஓடியிருக்கு"ன்னு அவரு ஆரம்பிச்சா, குடுத்த காபியைக் குடிச்சுட்டு கிளம்பி வந்துருங்க.