ஜெரேனியம் தண்டு கருகுதா? மொட்டைப் பிரிச்சுப் பாருங்க

இத்தாலி பலெர்மோல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: பால்கனி ஜெரேனியத்துல மொட்டெல்லாம் ஓட்டை, தண்டு கருத்துப் போய் சாயுது, சின்னதா ஒரு பழுப்புப் பட்டாம்பூச்சி சுத்திட்டே இருக்கு, தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சா?

தண்ணி ஜாஸ்தியானா வர்ற அழுகல் மண்ணு ஒட்டின அடித்தண்டுல தொடங்கி மேல ஏறும். உங்களுக்கு மேல மொட்டுல ஓட்டை இருக்கே, அப்போ அந்தப் பட்டாம்பூச்சியோட புழுதான். ஜெரேனியம் ப்ரான்ஸ்னு பேரு, தென்னாப்பிரிக்காப் பக்கத்து பூச்சி, 1990 வாக்குல ஸ்பெயினோட மயோர்கா தீவுல செடியோட செடியா வந்து எறங்கி, 1996ல இத்தாலிக்கு வந்துடுச்சு, 1997ல இங்கிலாந்துல கூட பார்த்திருக்காங்க. றெக்கை விரிச்சா ரெண்டு சென்டிமீட்டர் சுமார், ஓரத்துல வெள்ளையும் பழுப்பும் மாறி மாறி கட்டம் போட்ட மாதிரி, பின்றெக்கையில குட்டி வால், அது பக்கத்துல ஒரு கறுப்புப் புள்ளி.

முட்டைய பெரும்பாலும் மொட்டுகிட்ட ஒண்ணொண்ணா வெக்கும், புழு பொரிச்சதும் மொட்டுக்குள்ள பூந்து அப்படியே தண்டையும் குடைஞ்சுடும், அதனால மேலாக்க என்ன ஸ்ப்ரே அடிச்சாலும் உள்ள இருக்கறதுக்கு உறைக்காது. கத்தரிக்கோல் எடுங்க, அதான் முதல் மருந்து. ஓட்டை இருக்கற மொட்டு, கருத்த தண்டு எல்லாத்தையும் பச்சைத் தண்டு தெரியற வரைக்கும் வெட்டி, கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி குப்பையில போடுங்க, உரக்குழியில மட்டும் வேணாம், உள்ள இருக்கற புழு பிழைச்சு பட்டாம்பூச்சியா வெளிய வந்துடலாம். பச்சையா, ரோஸ் கோடு போட்டு, முடி முடியா இருக்கற புழு கண்ணுல பட்டா கையாலயே எடுத்துடுங்க.

வெட்டின அப்புறம் 'பி.டி.' (Bt)ன்னு சொல்ற, புழுவைக் கொல்ற பாக்டீரியா மருந்து (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாக்கி) சாயங்காலமா அடிங்க, வெயில்ல அதோட வீரியம் போயிடும். புதுசா பொரிச்ச புழு உள்ள போறதுக்கு முன்னாடி தின்னாதான் வேலை செய்யும், அதனால பாட்டில்ல போட்டிருக்கற இடைவெளியில திரும்பத் திரும்ப அடிக்கணும். செடி முழுக்க ஊடுருவுற கெமிக்கல் மருந்து பூக்கற செடிக்கு வேணவே வேணாம்ங்க, தேனீ பாவம்.

பட்டாம்பூச்சியக் கொல்லலாமான்னு மனசு உறுத்தினா ஒண்ணு நினைச்சுக்கோங்க, இது காட்டு ஜெரேனியத்துலயும் முட்டை வெக்கும், அதையே நம்பி வாழற ஐரோப்பாவோட சொந்தப் பட்டாம்பூச்சிகளுக்கு அது ஆபத்து. உங்க ஊர்ல குளிர் கம்மி, வருஷத்துக்குப் பல தலைமுறை வரும், அதனால வாராவாரம் மொட்டைப் பாருங்க, செடி முழுசா சுத்தமாகற வரைக்கும் யார் கேட்டாலும் கிளை ஒடிச்சுக் குடுக்காதீங்க.