ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல் குழுவில் கேட்கும்படி, தூக்கிக்கொண்டு போகக்கூடிய பேஸ் வாத்தியம் எது? அக்கூஸ்டிக் பேஸ் கிட்டார் வாங்கலாமா?

வாங்காதீர்கள். சரி, ஆசை விடவில்லை என்றால் வாங்குங்கள், ஆனால் குழுவில் கேட்கும் என்று நம்பி வாங்காதீர்கள். அந்த நம்பிக்கையோடு வாங்கிய ஆள் நான், அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் நிலைமை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் எலக்ட்ரிக் பேஸ் இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் நாலைந்து பேர் யாராவது ஒருவர் வீட்டிலோ மரத்தடியிலோ கூடுகிறீர்கள். மற்றவர்கள் பையைத் திறந்ததும் வாசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், நீங்கள் மட்டும் பிளக் பாயிண்ட் எங்கே என்று சுவரோரமாகக் குனிந்து தேடிக்கொண்டிருக்கிறீர்கள். இதே நாலு கம்பி, இதே விரல் வைப்பு, ஒயர் மட்டும் இல்லாமல் ஒன்று இருந்தால் போதுமே என்று தோன்றுகிறது. எனக்கும் அதேதான் தோன்றியது.

கடையில் உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கிட்டாரைக் கையில் கொடுத்தார்கள். கீழ் ஈ கம்பியைத் தட்டினேன். பெட்டியின் பின்பலகை என் விலா எலும்பில் கிர்ரென்று அதிர்ந்தது, நாற்காலி வரை இறங்கியது. அந்த அதிர்விலேயே விழுந்துவிட்டேன். அந்தச் சத்தத்தில் பாதி என் எலும்பு வழியாக எனக்கு மட்டும் வந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரமே குழுவுக்குத் தூக்கிப் போனேன். நான்கு கிட்டார், ஒரு பாஞ்சோ, ஒரு கஜோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி). முதல் பாட்டிலேயே சுட்டுவிரலைக் கொக்கிபோல வளைத்து இழுத்து இழுத்து வாசித்தேன், மூன்றாவது பாட்டில் விரல்நுனியில் கொப்புளம் எழும்பி, ஐந்தாவதில் உடைந்தது. ஆறாவது பாட்டில் நடுவே வாசிப்பதை அப்படியே நிறுத்திவிட்டேன், சும்மா சோதனைக்காக. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவருக்குக்கூடத் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் அவரே என்னைப் பார்த்து, "இன்றைக்கு பேஸ் அருமை!" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அப்புறம்தான் காரணத்தைத் தேட ஆரம்பித்தேன். பேஸின் கீழ் ஈ கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் காற்றில் 8 மீட்டருக்கு மேல். அவ்வளவு நீள அலையைக் கிளப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், அதற்குப் பெரிய பலகையும் பெரிய குடமும் வேண்டும். சாதாரண கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்று தானாக முழங்குவது 100 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 100 அதிர்வு, பக்கத்தில். அதைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அந்த எண் கொஞ்சம் இறங்கும், 41-க்கு எங்கே வரும்? ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. இது போதாதென்று நம் காதும் கீழ் ஸ்தாயியில் மந்தம். நடு ஸ்தாயியில் தெளிவாகக் கேட்கும் அளவு சக்தியோடு 41 ஹெர்ட்ஸை ஒலிக்கவிட்டால் ஒன்றுமே கேட்காது.

"அப்படியென்றால் கடையில் எப்படிக் கேட்டது?" என்பீர்கள். அங்கே கேட்டது 41 இல்லை, அதன் மேலே வரும் 82, 123 போன்ற துணை ஒலிகள். அவற்றை வைத்தே கீழே இருக்க வேண்டிய சுருதியைக் காது தானாக நிரப்பிக்கொள்கிறது. தனியாக இருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். ஆனால் சாதாரண கிட்டாரின் தடித்த ஈ கம்பி சரியாக அந்த 82-இல்தான் நிற்கிறது. நான்கு பேர் ஆறு கம்பியையும் சேர்த்துச் சரசரவென்று ஸ்ட்ரம் செய்தால், நமக்கு மிச்சமிருந்த அந்தக் கொஞ்சத்தையும் அவர்கள் மூடிவிடுவார்கள். நாம் எவ்வளவு ஓங்கி வாசித்தாலும் அவர்களுடைய கிட்டாருக்குக் கொஞ்சம் சதை போட்டதுபோல ஆகுமே தவிர, தனியாக பேஸ் என்று ஒன்று தெரியாது. அந்தப் பாடகர் பொய் சொல்லவில்லை, கிட்டார்களின் அடிக்கம்பிகளைக் கேட்டுத்தான் பாராட்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் சிலர் வந்து "எங்கள் குழுவில் நன்றாகவே கேட்கிறதே" என்பார்கள். கேட்கும். ஒரு கிட்டார், ஒரு பாடகர், அதுவும் விரலால் மெல்ல வாசிக்கிறவர் என்றால் எனக்கும் கேட்டது. நான் எந்த பிராண்டையும் குறை சொல்ல வரவில்லை, விலை உயர்ந்ததை வாங்கியிருக்க வேண்டும் என்றும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். மரத்தின் தரத்தில் இல்லை, பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று என்பதில்தான் விஷயம். 1972-இல் கிட்டார் கம்பிகளுக்குப் பெயர்போன எர்னி பால் தரப்பில் எர்த்வுட் என்ற அக்கூஸ்டிக் பேஸைக் கொண்டுவந்தபோது அதன் உடம்பைப் பார்த்தவர்கள் மிரண்டிருப்பார்கள், அவ்வளவு பெரிது, அவ்வளவு ஆழம். மடியில் வைக்கச் சௌகரியமாக இருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவை இளைத்துக்கொண்டே போயின. மடிக்கு அது சௌகரியம்தான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் கடைசியில் காது பட்டினி கிடக்கும்.

என் கிட்டாரை வைத்துச் செய்யாத வித்தை இல்லை. பழைய கம்பியைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று புது வெண்கலக் கம்பி போட்டேன், தட்டையான கம்பியைவிட நிச்சயம் மேல். கம்பியை மீட்டும் வில்லை, அதாவது பிளெக்ட்ரம், தடிமனாகப் பார்த்துப் பிடித்தேன். நாற்காலியை அறையின் மூலைக்குத் தள்ளி, இரண்டு சுவரும் சேரும் இடத்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். கீழ் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வலுவாகும், இது உண்மையாகவே உதவுகிறது, செலவும் இல்லை. ஆனால் மரத்தடியில் மூலைக்கு எங்கே போவது?

இந்தச் சமயத்தில்தான் ஒருவர் கிட்டாரோன் ஒன்றைக் கொஞ்ச நாளைக்குக் கொடுத்தார். மெக்சிகோவின் மரியாச்சி குழுக்களில் ட்ரம்பெட்டுக்கும் வயலின்களுக்கும் நடுவே ஆம்ப் இல்லாமல் பேஸ் வாசிக்கிறார்களே, அந்த வாத்தியம். முதுகுப்பலகை நிறைமாத வயிறுபோலப் பிதுங்கியிருக்கும், நீளம் அதிகமில்லை, எடையும் பார்த்துப் பயந்த அளவுக்கு இல்லை, வாரைத் தோளில் மாட்டி நின்றுகொண்டே வாசிக்கலாம். ஆறு கம்பி, ஃப்ரெட் (ஸ்வர இடங்களைக் காட்டும் கழுத்துக் கட்டைகள்) கிடையாது. சுருதி ஏ, டி, ஜி, சி, ஈ, ஏ என்று போகும், கடைசி ஏ மட்டும் முந்தின ஈ-யைவிடக் கீழே இறங்கி நிற்கும். முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியிலும் சேர்த்து, இரண்டு கம்பியை ஒன்றாகப் பிடித்து இழுத்து வாசிக்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று புரிந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. கீழ் ஸ்வரம் அடித்தளத்தைக் கொடுக்கிறது, மேல் ஸ்வரம் காதுக்கு முகவரி சொல்கிறது.

கேட்டதா? கேட்டது. அதே நான்கு கிட்டார், அதே பாஞ்சோ. நான் வாசிப்பதை நிறுத்தியதும் கஜோன்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காக எத்தனை கொப்புளம் வேண்டுமானாலும் தாங்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு என்னைத் திட்டுவீர்கள். அதன் கீழ் ஸ்வரம் ஏ, 55 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கீழ் ஈ முதல் ஜி ஷார்ப் வரை அதில் இல்லை, அந்த ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி மேலே வாசித்துக்கொள்ள வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதை யாரும் கவனிக்கவே இல்லை, எனக்கு மட்டும்தான் உறுத்தியது. ஃப்ரெட் இல்லாததால் முதல் இரண்டு மாதம் அபஸ்வரம் உறுதி. கம்பி இழுக்கும் கைக்குப் பலம் வேண்டும்.

டபுள் பேஸ்தான் நிஜமான பதில் என்று சொல்கிறவர்கள் சொல்வதும் சரிதான். முக்கால் அளவு என்று சொல்லப்படுவதே ஆள் உயரம், ஏறத்தாழ 180 சென்டிமீட்டர். உங்களிடம் பெரிய வண்டியும், படியில் ஒரு முனையைப் பிடிக்க ஒரு நல்ல மனிதரும் இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். "தூக்கிக்கொண்டு போகக்கூடிய" என்று நீங்கள் எழுதியிருப்பதால் விட்டுவிடுகிறேன். செல்லோவை நிறுத்தி விரலால் வாசிக்கலாமே என்றும் ஒரு யோசனை வரும். அதன் கீழ் சி 65 ஹெர்ட்ஸ்தான், தூக்கவும் சுலபம், ஆனால் வில் இல்லாமல் வாசித்தால் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. ஊதத் தெரிந்தவர் என்றால் உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ஊதுவாத்தியமான சூசஃபோன், கேட்கவில்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், கிட்டார்காரர்கள்தான் எழுந்து ஓடுவார்கள். யு-பேஸ் என்று உகுலேலே அளவில் ரப்பர் போன்ற கம்பியோடு வருகிறதே, ஆம்ப்பில் செருகினால் அதன் குரல் எனக்கு மிகவும் பிடிக்கும், செருகாமல் வாசித்தால் பக்கத்துத் தலையணை வரை கேட்கும்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். என் அக்கூஸ்டிக் பேஸுக்கு வாங்கிய கெட்டியான கேஸை ஒரு நண்பர் "ஒரே ஒரு பயணம், திங்கட்கிழமை தந்துவிடுகிறேன்" என்று வாங்கிப்போனார். எந்தத் திங்கட்கிழமை என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த அளவில் கேஸ் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இந்த வாத்தியம் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும், சாதாரண கிட்டார் கேஸில் கழுத்து நுழையாது, எலக்ட்ரிக் பேஸ் கேஸில் உடம்பு நுழையாது. இரண்டு முறை கேட்டுவிட்டேன், இரண்டு முறையும் சிரித்தார். இப்போது என் பேஸ் ஒரு கனத்த போர்வையைச் சுற்றிக்கொண்டு பயணம் செய்கிறது.

ஆமாம், அதை நான் விற்கவில்லை. உள்ளே அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப் ஏற்கெனவே இருந்தது, பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் ஒன்றை வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்துவிடுகிறேன். சத்தத்தைக் கால்வாசி திறந்தாலே போதும், பிளக் பாயிண்ட் தேட வேண்டியதில்லை. "அப்படியென்றால் அது அக்கூஸ்டிக்கே இல்லையே" என்று கமெண்டில் எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதலாம், அந்தக் கொப்புளத்தோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதினால் இன்னும் நல்லது. ஒயரே ஆகாது என்று உங்கள் குழு பிடிவாதமாக இருந்தால் கிட்டாரோன், படிப்படியாகப் பழகிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் கடைக்குத் தனியாகப் போகாதீர்கள். உங்கள் குழுவிலேயே ஓங்கி ஸ்ட்ரம் செய்கிற ஆளைக் கிட்டாரோடு கூட்டிப் போங்கள், பேஸை வேறு யாரிடமாவது கொடுத்து இருவரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பத்தடி தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேளுங்கள். பேஸ் எப்போது நிற்கிறது என்று திரும்பிப் பார்க்காமல் உங்களால் சொல்ல முடிந்தால் வாங்கிவிடலாம்.