ஆளில்லா வீட்டில் மீட்டர் ஏன் ஓடுகிறது?

ராமநாதபுரம் கடலோர ஊர்க்காரர்களின் கரண்டு பில் புலம்பல்களுக்கு, இப்பகுதி வீடுகளில் வயரிங் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனின் பதில்கள்.

தங்கச்சிமடம்: அண்ணே, எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு ஊருக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் மீட்டர் ஓடியிருக்கிறது. மீட்டர் கோளாறா?

மீட்டரைத் திட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், தம்பி. மெயின் இருக்கட்டும். சுவிட்சுகளை அணைத்து, பிரிட்ஜ், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். முகப்பில் 3200 என்று போட்டிருந்தால், அது 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். எல்லாம் அணைத்த பிறகும் சிமிட்டினால் எங்கோ கசிகிறது. மெயின் பெட்டியில் வரிசையாக இருக்கும் எம்.சி.பி.க்களை, அதாவது ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியான தானியங்கிச் சுவிட்சுகளை, ஒவ்வொன்றாக இறக்குங்கள்; எதை இறக்கியதும் சிமிட்டல் நிற்கிறதோ, கசிவு அந்தப் பக்கம்தான். மெயினையே இறக்கியும் நிற்காவிட்டால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள்.

நம் பக்கம் நான் முதலில் திறப்பது மொட்டைமாடி விளக்கின் பெட்டியையும் குளியலறைச் சுவிட்சையும்தான். உப்புக் காற்றில் திருகாணி பச்சை பூத்திருக்கும், வயர் முனை கருத்து, நகம் பட்டாலே உதிரும். கடற்கரை மணலில் பூசிய சுவர் என்றால் கேட்கவே வேண்டாம், கோடையிலும் ஈரம் விடாது. பில் கிடக்கட்டும், அந்தச் சுவரைத் தொடுகிற பிள்ளையை நினையுங்கள். கரண்டு கசிந்தால் தானாகவே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை உடனே மாட்டுங்கள்.

கீழக்கரை: காக்கா, போன பில் 490 யூனிட், இந்தப் பில் 510. இருபது யூனிட்டுக்கா இவ்வளவு ஏற்றம்?

இரண்டு மாதக் கணக்கில் 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணச் சலுகை போய்விடும். முதல் 100 மட்டும் எப்போதும் இலவசம். இருபது யூனிட்டைக் குறைக்க ஒரு மின்விசிறியை மாற்றினாலே போதும். பழையது 75 வாட். தினமும் 20 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். குறைந்த கரண்டில் சுற்றும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 36-தான்.

தேவிபட்டினம்: ஏசி குளிரவில்லை, பில் மட்டும் ஏறுகிறது. கேஸ் போட வேண்டும் என்கிறார்கள்.

இது எனக்கு எரிச்சல் மூட்டும் பேச்சு. கேஸ் கசியாமல் குறையாது. முதலில் வெளி யூனிட்டின் தகடுகளைப் பாருங்கள். உப்பும் தூசியும் அப்பிக் காற்றை அடைத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெதுவாகக் கழுவுங்கள். போர்வெல் உவர்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், நல்ல தண்ணீர் ஒரு குடம் செலவானால் ஆகட்டும்.

தொண்டி: மேல்தொட்டி நிரம்பி வழிவது தினசரிக் கதை.

ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். மிதவைச் சுவிட்ச் மாட்டுங்கள்.

மண்டபம்: அண்ணா, போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விடுகிறேன் என்று மாமியார் தினமும் திட்டுகிறார்.

சும்மா செருகியிருக்கும் சார்ஜர் இரண்டு மாதத்தில் ஒரு யூனிட்கூட இழுக்காது, தங்கச்சி. அவர் இரவும் பகலும் அணைக்காமல் விடும் செட்டாப் பாக்ஸ் பத்து வாட் என்றாலே 14 யூனிட் தின்றுவிடும். இதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அவர் மகனை விட்டுச் சொல்லுங்கள்.