பினோசெட் கைது: ஒரு நாட்டுத் தலைவரை இன்னொரு நாடு பிடிக்கலாமா?

கேள்வி (சட்ட மாணவி, மதுரை): சிலியின் முன்னாள் அதிபர் பினோசெட்டை லண்டனில் எப்படிக் கைது செய்ய முடிந்தது, சார்?

பதில்: 1998 அக்டோபர் 16, இரவு. முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து லண்டன் மருத்துவமனையில் படுத்திருந்தவரை, ஸ்பெயின் நீதிபதி பல்தசார் கார்சோன் கேட்டுக்கொண்டபடி போலீஸ் கைது செய்தது. அவர் ஆட்சியில் நடந்த சித்திரவதைகள்தான் வழக்கின் மையம். சித்திரவதைக்கு எதிரான 1984 ஐ.நா. உடன்படிக்கையை சிலி, ஸ்பெயின், பிரிட்டன் மூன்றுமே ஏற்றிருந்தன. குற்றவாளி உங்கள் மண்ணில் இருந்தால் விசாரியுங்கள், இல்லையேல் விசாரிப்பவரிடம் ஒப்படையுங்கள் என்கிறது அது. சிலியே ஒப்புக்கொண்ட சட்டம்தானே அம்மா!

கேள்வி (கோவை வாசகர்): முன்னாள் அதிபருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையா?

பதில்: சித்திரவதைக்கு இல்லை என்று 1999 மார்ச்சில் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் 6-1 எனத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் பிரிட்டன் அந்த உடன்படிக்கையை ஏற்ற 1988 கடைசிக்குப் பிந்தைய குற்றங்களுக்கு மட்டும். அவர் அதிகாரத்தைப் பிடித்த 1973 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பை ஒட்டி நடந்த கொடுமைகள் பெரும்பாலும் விடுபட்டுப் போயின. எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லை): சிலி ஜனநாயகத்துக்குத் திரும்பிவிட்டது. அதன் விஷயத்தில் பழைய காலனி எஜமானன் ஸ்பெயினுக்கு என்ன வேலை?

பதில்: ஐயா, சிலி அரசும் இதையே கேட்டது. ஆனால் உள்ளூரில் கதவு திறந்திருந்ததா? 1978-லேயே பினோசெட் தன் ஆட்களுக்குத் தானே பொதுமன்னிப்புச் சட்டம் போட்டுக்கொண்டார். 1998 மார்ச்சில் ராணுவத் தளபதி பதவியை விட்ட கையோடு, வழக்கிலிருந்து பாதுகாப்புள்ள ஆயுட்கால செனட்டர் ஆனார். கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் மூவாயிரத்துக்கும் மேல். அந்தக் குடும்பங்களும் சிலி மக்கள்தாம். இறையாண்மை அவர்களுக்கும் சொந்தம், தளபதிக்கு மட்டும் அல்ல.

கேள்வி (சேலம்): கடைசியில் விட்டுவிட்டார்களே?

பதில்: ஆமாம், 2000 மார்ச்சில், உடல்நிலை சரியில்லை என்று. சாந்தியாகோவில் விமானம் இறங்கியதும் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, அப்போதைய ராணுவத் தளபதியைக் கட்டித் தழுவினார். பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது. ஆனால் லண்டன் கைது சிலி நீதிமன்றங்களின் பயத்தைப் போக்கியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சிலி உச்ச நீதிமன்றம் அவரது பாதுகாப்பைப் பறித்தது. 2006-இல் தண்டனை பெறாமலே இறந்தார். அவருடைய ரகசிய போலீஸ் தலைவர் கான்ட்ரேராஸ் தப்பவில்லை. தண்டனைக் கைதியாகவே 2015-இல் செத்தார்.

கேள்வி (சென்னை): வல்லரசுத் தலைவர்களை யார் தொடுவார்கள்?

பதில்: பெரிய ஓட்டை அதுதான். இப்படிப்பட்ட குற்றங்களுக்குத் தனிநபர்களை விசாரிக்கும், ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா சேரவில்லை, இந்தியாவும்தான். ரஷ்ய அதிபர் புதினுக்கு 2023-இல் அந்த நீதிமன்றத்தின் பிடியாணை வந்தது. 2024 செப்டம்பரில் உறுப்பு நாடான மங்கோலியாவுக்கே போய் வந்தார், கைது இல்லை. பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் துதெர்த்தேவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2019-இல் நாடே விலகியும், உறுப்பினராக இருந்த காலத்துக் கொலைகளுக்காக 2025 மார்ச்சில் மணிலாவில் பிடித்து ஹேக் நகருக்கு அனுப்பினார்கள்.