வீட்டில் பாட்டுக் கேட்க ஹாரன் ஸ்பீக்கரை நாமே வடிவமைத்துச் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். மரவேலை ஓரளவு தெரிந்து, பொறுமை நிறைய இருந்தால் போதும். ஆனால் முதல் தடவையே எல்லா அதிர்வெண்களையும் ஹாரனில் கொண்டுவரப் புறப்படாதீர்கள். குரல் வாழும் நடுப்பகுதிக்கு மட்டும் ஒரு ஹாரன் செய்யுங்கள். பேஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கு, சாதாரணப் பெட்டியில் 15 அங்குல வூஃபர் இருக்கட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அளவுதான் காரணம்.

இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டால் குரல் தூரம் போகிறதல்லவா? ஹாரன் செய்யும் வேலையும் அதுதான். சாதாரண ஸ்பீக்கரில் கூம்பின் எடைக்கும் காற்றின் லேசுக்கும் பொருத்தமே இல்லை. கொடுக்கும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஒலியாகிறது, மிச்சம் சூடாகப் போகிறது. குறுகிய தொண்டையில் தொடங்கிப் படிப்படியாக விரியும் குழாயை முன்னால் வைத்தால், தள்ளுவதற்கு, அதிரும் மென்தகடான டயாஃப்ரத்துக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கும் 105 டெசிபல் தரும் ஹாரனுக்கும் இடையே 18 டெசிபல். அதே சத்தத்துக்கு அறுபதில் ஒரு பங்கு வாட் போதும். நான் இதை விரும்புவது உரக்கக் கேட்பதற்காக அல்ல. டயாஃப்ரம் இம்மியளவே அசைவதால் சிதைவு குறைகிறது. பாடகர் அடுத்த அடிக்கு முன் மூச்சிழுப்பது காதில் விழுகிறது.

சம தூரத்துக்கு ஒருமுறை பரப்பு அதே மடங்கில் பெருகும் எக்ஸ்பொனென்ஷியல் ஹாரனின் கணக்கை 1924-லேயே ஹன்னா, ஸ்லெப்பியன் என்ற பொறியாளர்கள் எழுதிவிட்டார்கள். ஹாரனின் விரிந்த முனையான வாயின் சுற்றளவு, ஹாரன் வேலை செய்யத் தொடங்கும் அதிர்வெண்ணின் ஓர் அலைநீளம் இருக்க வேண்டும். 300 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 1.14 மீட்டர், ஆக வாயின் விட்டம் 36 செ.மீ. தொண்டை 25.4 மி.மீ. என்றால் ஒவ்வொரு 6.3 செ.மீ.க்கும் பரப்பு இரட்டிக்கும், மொத்த நீளம் 48 செ.மீ. இது மேசையில் வைக்கிற பொருள். இதே கணக்கை 40 ஹெர்ட்ஸுக்குப் போடுங்கள்: வாய் மட்டும் 2.7 மீட்டர் விட்டம்! அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் 1946-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹாரன் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தது. பேஸ் ஹாரனைப் பெட்டிக்குள் மடித்து அறை மூலையில் நிறுத்தினார். சுவர்களே ஹாரனின் நீட்சியாகிவிட்டன. ஆனால் மடிப்பு வேலை இரண்டாவது, மூன்றாவது முயற்சிக்கு உரியது.

நான் செய்த விதம்: 18 மி.மீ. பிளைவுட்டில் 27 வளையங்கள் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உள்ளே படிக்கட்டாக இருந்ததை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். தேய்க்கவே மூன்று வார மாலைகள் போயின. பூட்டிக் கேட்டால் எல்லாப் பாடகருக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி, மூக்கால் பாடுகிறார்கள். டிரைவரை (டயாஃப்ரம் இருக்கும் ஒலியெழுப்பும் பகுதி) கழற்றித் தொண்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினேன். டிரைவர் பொருந்தும் இடத்தில் இரண்டு மி.மீ. விளிம்பு தட்டியது. அவ்வளவு குறுகிய இடத்தில் அது பெரிய மேடு. அதைச் சீவியதும் பாதி சரியானது.

மீதிப் பாதி வாயில் இருந்தது. இந்தக் கணக்குப்படி செய்த வட்ட ஹாரனின் சுவர், வாய் முடியும் இடத்தில் 45 பாகைதான் சாய்ந்திருக்கும். அங்கே கத்தியால் வெட்டியது போல நிறுத்தினால், குறிப்பாகக் கீழ் அதிர்வெண்களில், அலையின் ஒரு பகுதி தொண்டைக்கே திரும்பி வரும். மூக்கொலிக்கு அது முக்கியமான காரணம். வாயின் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்து உருட்டிவிட்டேன். லெ க்ளேயாக் வளைவு என்ற இன்னொரு ஹாரன் வடிவக் கணக்கு இந்த மடிப்பையும் சேர்த்தே வடிவம் தருகிறது. இப்போது தொடங்குவதாக இருந்தால் நேராக அதற்கே போவேன். ஹாரன் எப்படி ஒலிக்கும் என்று கணித்துக் காட்டும், டேவிட் மக்பீன் எழுதிய ஹார்ன்ரெஸ்ப் மென்பொருள் இலவசம். மரத்தைத் தொடும் முன் ஒரு வாரம் அதில் எண்களை மாற்றிப் பாருங்கள்.

கிராஸ்ஓவரை (வூஃபரும் ஹாரனும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் அதிர்வெண்ணை) ஹாரனின் எல்லையிலேயே வைக்காதீர்கள். 300 ஹெர்ட்ஸ் ஹாரனை நான் 700-க்கு மேல்தான் ஓட்டுகிறேன், அதுவும் டிரைவரின் தயாரிப்பாளர் அனுமதிக்கும் கீழ் எல்லைக்கு உட்பட்டு. எல்லைக்குக் கீழே டயாஃப்ரத்துக்குப் பிடிமானம் போய்விடும், கட்டுப்பாடில்லாமல் அசைந்து கிழியலாம். இன்னொன்று நேரம். டிரைவர் வாயிலிருந்து 48 செ.மீ. பின்னால் இருப்பதால் அதன் ஒலி 1.4 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். வூஃபரை அவ்வளவு பின்னுக்குத் தள்ளுங்கள், அல்லது டிஎஸ்பியில் (ஒலியை எண்களாக மாற்றித் திருத்தும் கருவி) வூஃபருக்கு அந்தத் தாமதத்தைக் கொடுங்கள்.

டிஎஸ்பி வழியாக ஆம்ப்ளிஃபையரை நேரடியாக டிரைவரில் இணைக்கிறீர்களா? 8 ஓம் டிரைவருக்குத் தொடராக 50 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கபாசிட்டர் ஒன்றைப் போட்டுவிட்டு அப்புறம் சுவிட்சைத் தொடுங்கள். சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது படிப்படியாகத் தடுக்கும். ஆன் செய்யும்போது வரும் அந்த ஒரு 'டொப்' பெரும்பாலும் டயாஃப்ரம் வரை போகாது.